பிடரி முதல் நடுமுதுகு வரை: டிரபீசியஸ் தசையின் அமைப்பும் பெயரும்

மனித முதுகின் மேற்பகுதியில் தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்புப் படலத்தையும் நீக்கியவுடன் கண்ணுக்குப் படுவது, பிடரியில் தொடங்கி நடுமுதுகையும் கடந்து இறங்கி, இரு தோள்களையும் நோக்கி விரியும் தட்டையான தசையாகும். உடற்கூற்றியலார் இதனை டிரபீசியஸ் என வழங்குகின்றனர். தோலுக்கு நேர் கீழே கிடப்பதால், பல நூற்றாண்டுகளாக அறுத்தும் வரைந்தும் தொட்டும் ஆராயப்பட்ட தசைகளுள் இது முன்னிற்கிறது. ஆயினும் இது ஒரு தசையா, ஒரே போர்வைக்குள் கிடக்கும் பல தசைகளா, முதுகைச் சேர்ந்ததா, தலையைச் சேர்ந்ததா என்னும் அடிப்படை வினாக்கள் இன்றும் முற்றாக முடிந்துவிடவில்லை. அவ்வினாக்கள் எழுந்ததற்கும் நீடிப்பதற்கும், செயலையோ பிறப்பையோ கருதாமல் வெளிவடிவத்தை மட்டும் கண்டு இடப்பட்ட பெயர் ஒரு பெருங்காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒரு தசையின் இரு முனைகளுள், சுருங்கும்போது பெரும்பாலும் அசையாது நிற்பதைத் தொடக்க இடம் என்றும், இழுக்கப்பட்டு அசைவதைப் பற்றிடம் என்றும் குறிப்பது உடற்கூற்றியல் மரபு. டிரபீசியஸின் தொடக்க இடம் உடலின் நடுக்கோடு நெடுகப் பரந்துள்ளது. மண்டையோட்டின் பின்புறத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும் பிடரி எலும்பின் புடைப்பிலும், அதன் பக்கங்களில் வளைந்து செல்லும் எலும்பு வரம்பின் உட்புற மூன்றிலொரு பங்கிலும் அது தொடங்குகிறது. கழுத்தின் பின்னால் நடுக்கோட்டில் நிற்கும் உறுதியான இணைப்புத் தகட்டின் வழியாக இறங்கி, ஏழாவது கழுத்து முள்ளெலும்பு முதல் பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு வரையிலான எலும்புகளின் பின்னோக்கிய முள்நீட்சிகளைப் பற்றிக்கொண்டு முடிகிறது. மனித உடலில் இவ்வளவு நீண்ட தொடக்கக் கோடு உடைய தசைகள் மிகச் சில.

இத்துணை நீளத்திலிருந்து புறப்படும் நார்கள் அனைத்தும் தோளைச் சுற்றியுள்ள குறுகிய வளைவொன்றில் குவிகின்றன. மேலிருந்து வருவன காறை எலும்பின் வெளிப்புற மூன்றிலொரு பங்கின் பின்விளிம்பையும், நடுவிலிருந்து வருவன தோளின் உச்சியாக அமையும் தோள்முனை நீட்சியையும் தோள்பட்டை எலும்பின் பின்புறத்தில் குறுக்காக ஓடும் மேட்டின் மேல்விளிம்பையும் பற்றுகின்றன. கீழிருந்து மேலேறி வருவன மெல்லிய தசைநாண் தகடாக மாறி, அம்மேட்டின் உட்புறத் தொடக்கத்திலுள்ள சிறு புடைப்பில் முடிகின்றன. தசைநாண் என்பது தசையை எலும்போடு பிணைக்கும், தானாகச் சுருங்கும் ஆற்றலற்ற வெண்ணிறத் திசு.

கழுத்தும் முதுகும் கூடும் இடத்தில், ஏழாவது கழுத்து முள்ளெலும்பை மையமாகக் கொண்டு, இரு பக்கத் தசைகளின் தசைநாண் பகுதிகளும் சேர்ந்து சாய்சதுர வடிவத்தில் ஒரு வெண்பரப்பை அமைக்கின்றன. அவ்விடத்தில் சதைப்பற்று இல்லாமையால், உடல் வலுமிக்கவரின் முதுகில் மேலும் கீழும் சதை திரண்டிருக்க, நடுவில் மட்டும் ஒரு தாழ்வு தெரியும். ஏழாவது முள்ளெலும்பின் முள்நீட்சி குனியும்போது துருத்திக்கொண்டு நிற்பதும், மருத்துவர்கள் முள்ளெலும்புகளை எண்ணத் தொடங்குவதற்கு அதனைப் பயன்படுத்துவதும் இத்தாழ்வின் நடுவிலேதான். தசையின் கீழ்ப்புற வெளிவிளிம்பும் மருத்துவப் பயன் உடையது: அவ்விளிம்பும், முதுகின் அகன்ற தசையின் மேல்விளிம்பும், தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பும் சூழ்ந்த சிறு முக்கோணத்தில் மார்புக்கூட்டின் மீதுள்ள சதைப்போர்வை மெல்லியதாக இருப்பதால், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு குனியச் செய்து, அங்கே ஸ்டெதஸ்கோப்பை வைத்து நுரையீரல் ஒலியைக் கேட்பது வழக்கம்.

நூல்கள் தரும் இவ்வரைவு பெரும்பான்மைக்கு உரியதே தவிர எல்லா உடலுக்கும் பொருந்துவதன்று. கீழ்த்தொடக்கம் பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பை எட்டாமல் சில எலும்புகளுக்கு மேலேயே நின்றுவிடுவதும், இடமும் வலமும் வெவ்வேறு மட்டங்களில் முடிவதும், காறை எலும்பிலுள்ள பற்றிடம் எலும்பின் நடுப்பகுதி வரை முன்னேறிவிடுவதும் அறுவைக்கூடங்களில் காணப்படுவனவே.

இத்தசைக்குப் பெயர் வந்த வரலாறு, தசைகளுக்கே பெயரில்லாதிருந்த காலத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய காலென் தசைகளை மிக நுட்பமாக வருணித்தபோதிலும், பெரும்பாலானவற்றுக்குத் தனிப்பெயர் இடவில்லை. அவை எந்த உறுப்பை அசைக்கின்றனவோ அவ்வுறுப்பின் கீழ் வரிசைப்படுத்தப்பட்டன. 1543-இல் தம் உடற்கூற்றியல் பெருநூலை வெளியிட்ட வெசாலியஸும் இவ்வழக்கத்தையே பெரிதும் பின்பற்றி, தசைகளை எண்ணிட்டு அழைத்தார். எண்ணிடும் முறை ஓர் ஆசிரியரின் நூலுக்குள் செல்லுமே தவிர, இருவர் எழுதியவற்றை ஒப்பிடும்போது குழப்பமே மிஞ்சியது. ஒருவருடைய இரண்டாம் தசை மற்றொருவருக்கு மூன்றாம் தசையாகிவிடும். பதினாறாம் நூற்றாண்டில் பாரிசில் கற்பித்த ஜாக் துபுவாவும், அந்நூற்றாண்டின் இறுதியில் பாசெல் நகரில் கற்பித்த காஸ்பார் பௌஹினும் வடிவம், அளவு, இருப்பிடம், தொடக்கம், பற்றிடம், செயல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கொண்டு தசைகளுக்குப் பெயரிடும் வழக்கத்தை நிலைபெறச் செய்தனர். இன்றைய உடற்கூற்றியல் மாணவர் மனப்பாடம் செய்யும் தசைப்பெயர்களின் அடித்தளம் அவர்கள் இட்டதே.

அப்போது இம்மேல்முதுகுத் தசைக்கு இரு பெயர்கள் போட்டியிட்டன. ஒன்று, கிறித்தவத் துறவியர் அணிந்த முக்காட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த குக்குல்லாரிஸ். பின்னுக்குத் தள்ளிய முக்காடு கழுத்தைச் சூழ்ந்து முதுகில் கூராக இறங்குவதைக் கண்ணுற்றவர், பிணமேசையில் இவ்விரு தசைகளையும் ஒருசேரப் பார்த்தபோது அவ்வொப்புமையைத் தவறவிட முடியாது. மற்றது டிரபீசியஸ். நான்கு கால்களையுடைய மேசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் சிறுமைப்பெயரே டிரபீசியம். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் வடிவகணித நூலின் முதற்பகுதியிலுள்ள வரையறைகளில் சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம் ஆகியவை அல்லாத ஏனைய நாற்கரங்கள் அனைத்துக்கும் அச்சொல்லை வழங்கினார். இணையான பக்கங்கள் வேண்டும் என்ற நிபந்தனை அவரிடம் இல்லை. ஓர் இணைப்பக்கச் சோடியுடைய நாற்கரத்துக்கு மட்டும் அச்சொல்லை ஒதுக்கும் வழக்கு ஐந்தாம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸிடம் காணப்படுகிறது. தசையில் எந்தப் பக்கமும் எதற்கும் இணையாக இல்லை. ஆகவே தசைப்பெயரில் உறைந்திருப்பது யூக்ளிடின் பழைய பொருளே.

இவ்விரு பெயர்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. ஒரு பக்கத்துத் தசையைத் தனியே எடுத்தால் அது முக்கோணம்; நாற்கரமும் முக்காடும் இடத்தசையும் வலத்தசையும் சேர்ந்தாலன்றித் தோன்றுவதில்லை. ஆனால் இரண்டும் தனித்தனி நரம்புகளால் இயக்கப்படும் தனித்தனித் தசைகள். உடற்கூற்றியலில் ஓர் இணையின் தோற்றத்தைக் கொண்டு ஒருமையில் பெயரிடப்பட்ட தசை இது என்பதைப் பாடநூல்கள் அரிதாகவே எடுத்துச் சொல்கின்றன. மாணவர் முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டே நாற்கரம் என்று எழுதப் பழகிவிடுகின்றனர்.

1895-இல் பாசெலில் கூடிய ஜெர்மானிய உடற்கூற்றியலார் கழகம், ஒரே உறுப்புக்கு வழங்கிய பல்லாயிரக்கணக்கான மாற்றுப்பெயர்களை விலக்கி, ஓர் உறுப்புக்கு ஒரு பெயர் என்னும் நெறியில் இலத்தீன் பட்டியலொன்றை ஏற்றபோது டிரபீசியஸ் என்னும் பெயரே இடம்பெற்றது; 1935-இல் ஜெனாவிலும், 1955-இல் பாரிசிலும், 1998-இல் பன்னாட்டுக் குழுவின் வழியாகவும் அப்பட்டியல் திருத்தப்பட்டபோதும் அது மாறவில்லை. எனினும் முக்காடு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஜெர்மன், டச்சு மொழிகளின் பேச்சுப்பெயர்களிலும், துறவியின் தொப்பி என்று பொருள்படும் ஜப்பானியப் பெயரிலும் அது வாழ்கிறது. சீன மொழியோ சாய்ந்த நாற்கரத்தைத் தேர்ந்தது. அதைவிடக் கருதத்தக்கது, மீன்கள் முதல் மனிதர் வரை உடலமைப்பை ஒப்பிடும் அறிஞர்கள் குக்குல்லாரிஸ் என்னும் பெயரை விடாது பற்றிக்கொண்டிருப்பது. சுறாவின் உடலில் நாற்கரம் இல்லை, முக்காடும் இல்லை. ஆனால் தசையின் முன்னோர் உண்டு. வடிவத்தைக் கூறும் பெயர் அங்கே பயனற்றுப்போக, கைவிடப்பட்ட பழம்பெயர் வமிசத்தைக் குறிக்கும் பெயராகப் புதுவாழ்வு பெற்றது.

அவ்வமிசத்தின் சுவடு நரம்பில் தெளிவாகக் கிடக்கிறது. முதுகிலும் கைகளிலும் உள்ள தசைகள் தண்டுவட நரம்புகளால் இயக்கப்பட, டிரபீசியஸோ பதினோராவது கபால நரம்பாகிய துணை நரம்பால் இயங்குகிறது. இதனைத் தாமஸ் வில்லிஸ் 1664-இல் மூளை பற்றிய தம் நூலில் விளக்கினார். கபால நரம்புகளைப் பன்னிரண்டு சோடிகளாக வகுத்து இதற்குப் பதினோராம் இடம் தந்தவர் 1778-இல் சோமரிங். இந்நரம்பின் வேர்கள் கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதியில் தோன்றி, மேல்நோக்கி ஏறி, மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளை வழியாக உள்ளே புகுந்து, மீண்டும் மற்றொரு துளை வழியாக வெளியேறிக் கழுத்தில் இறங்குகின்றன. கழுத்தில் பிறந்து கழுத்துக்கே இறங்கும் நரம்பு மண்டையோட்டுக்குள் சென்று திரும்புவது, அதன் கதை தலையோடு தொடர்புடையது என்பதற்குச் சான்று. கழுத்தின் மூன்றாம், நான்காம் தண்டுவட நரம்புகளின் கிளைகளும் இத்தசையை அடைகின்றன. அவை பெரும்பாலும் தசையின் நிலையையும் இழுவையையும் மூளைக்கு உணர்த்துவன என்று கருதப்பட்டபோதிலும், சிலரிடம் இயக்க ஆணைகளையும் சுமக்கின்றன என்பது அறுவை சிகிச்சையின்போது கண்டறியப்பட்டுள்ளது.

சுறாக்களில் குக்குல்லாரிஸ் தசை முதுகுத் தசைகளின் போர்வையிலிருந்து புறப்பட்டு, கடைசிச் செவுள் வளைவையும் தோள்வளையத்தையும் பற்றுகிறது. எலும்பு மீன்கள் பலவற்றில் மண்டையோடும் தோள்வளையமும் எலும்புகளாலேயே ஒன்றோடொன்று பிணைந்துள்ளதால் அவற்றுக்குக் கழுத்து என்று தனியே ஒன்றில்லை. ஏறத்தாழ 375 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்ததும் 2006-இல் அறிவிக்கப்பட்டதுமான டிக்டாலிக் புதைபடிவத்தில் அவ்வெலும்புப் பிணைப்பு அற்றுப்போயிருப்பது காணப்படுகிறது. எலும்புப் பாலம் நீங்கிய இடத்தில் தலையையும் தோளையும் தொடர்ந்து பிணைத்து நிற்பது தசைப்பாலமே. பாலூட்டிகளில் அது கழுத்தின் பக்கத்தில் காதுக்குப் பின்னிருந்து மார்பெலும்புக்கும் காறை எலும்புக்கும் இறங்கும் தசையாகவும், டிரபீசியஸாகவும் பிரிந்துள்ளது. இரண்டும் ஒரே துணை நரம்பால் இயங்குவதற்குக் காரணம் இதுவே. எலிக்கருவில் உயிரணுக்களின் வழித்தோன்றல்களைத் தொடர்ந்து கண்ட ஆய்வுகள் இவ்வுறவை வேறொரு திசையிலும் நீட்டியுள்ளன: இக்கழுத்துத் தசைகளின் முன்னோடி உயிரணுக்கள் இதயத்தின் சில பகுதிகளை உருவாக்கும் உயிரணுக்களோடு பொது மூதாதை கொண்டவை என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முதுகின் மேற்பரப்புத் தசை என்று நூலட்டவணைகள் இதனை அடைக்கும் அறை, அது கிடக்கும் இடத்தைச் சொல்கிறதே அன்றி அது வந்த வழியைச் சொல்வதில்லை.

ஒன்றா பலவா என்னும் வினாவுக்குப் பூனையின் உடல் நேரடியாக விடை தருகிறது. பூனையில் டிரபீசியஸ் மூன்று தனித் தசைகளாகவே பிரிந்து, ஒன்று காறை எலும்பையும், ஒன்று தோள்முனையையும், ஒன்று தோள்பட்டை மேட்டையும் பற்றுகிறது. பூனையை அறுத்துக் கற்கும் மாணவர் மூன்று பெயர்களைக் கற்கின்றனர். தமிழ்நாட்டு வாசகர் நன்கறிந்த காளையின் திமிலும் இங்கு நினைவுகூரத் தக்கது. காங்கேயம் போன்ற நாட்டுக் காளைகளின் திமில் வெறும் கொழுப்புத் திரளன்று. அதன் உடல் பெரும்பாலும், மனிதரில் டிரபீசியஸுக்கு அடியில் மறைந்து கிடக்கும் சாய்சதுரத் தசையின் பெருக்கமே. ஏறு தழுவுவோர் கட்டிப்பிடிப்பது அத்தசைத் திரளை. டிரபீசியஸ் அதன் மேற்போர்வையாகப் படர்ந்துள்ளது.

மனிதரில் இப்போர்வை பிரியாமல் நின்றபோதிலும், அதன் நார்கள் மூன்று வெவ்வேறு திசைகளில் ஓடுகின்றன. பன்னாட்டுப் பட்டியல் இவற்றை இறங்கு பகுதி, குறுக்குப் பகுதி, ஏறு பகுதி என்கிறது. தொடக்க இடத்திலிருந்து பற்றிடம் நோக்கி நார்கள் செல்லும் திசையைக் கொண்டு இப்பெயர்கள் அமைந்தமையால், இறங்கு பகுதி என்பது மேற்பகுதி என்றும், அது சுருங்கும்போது எலும்பு கீழிறங்காது என்றும் மாணவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியுள்ளது. உடற்பயிற்சிக்கூடங்களிலும் இயன்முறை மருத்துவத்திலும் மேல், நடு, கீழ் என்ற எளிய பெயர்களே வழங்குகின்றன.

கையைத் தலைக்கு மேல் உயர்த்தும்போது தோள்மூட்டு மட்டும் திரும்புவதில்லை. தோள்பட்டை எலும்பும் மார்புக்கூட்டின் மீது வழுக்கிச் சுழல்கிறது. 1944-இல் இன்மன், சாண்டர்ஸ், அபட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வின்படி, முழு உயர்வாகிய 180 பாகையில் ஏறத்தாழ 120 தோள்மூட்டிலும் 60 தோள்பட்டைச் சுழற்சியிலும் நிகழ்கின்றன. இச்சுழற்சியை நிகழ்த்துவன டிரபீசியஸும், விலா எலும்புகளிலிருந்து வந்து தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பைப் பற்றும் ரம்பப்பல் வடிவத் தசையும் ஆகும். வெவ்வேறு புறத்திலிருந்து வடங்களை இழுத்தும் பிடித்தும் தெருமுனையில் தேரைத் திருப்புவதுபோல, எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும் விசைகள் கூடி எலும்பை இடம்பெயர்க்காமல் திருப்புகின்றன.

மேற்பகுதி தோளை நேராக மேலே தூக்குகிறது என்பதே நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட பாடம். 1994-இல் ஜான்சன், போக்டக் உள்ளிட்டோர் நார்க்கற்றைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்து வெளியிட்ட ஆய்வு இப்பாடத்தை ஆழமாக அசைத்தது. பிடரியிலிருந்து வரும் நார்கள் கழுத்தின் வளைவைத் தழுவி இறங்கி, காறை எலும்பை அடையும்போது ஏறத்தாழ குறுக்காகவே ஓடுகின்றன, அவை மெல்லியவையும்கூட. நேர்மேலே தூக்குவதற்குரிய கோணமும் பருமனும் அவற்றுக்கு இல்லை. அவை காறை எலும்பின் வெளிமுனையை உள்நோக்கியும் பின்னோக்கியும் இழுக்க, அவ்வெலும்பு மார்பெலும்போடு சேரும் மூட்டை அச்சாகக் கொண்டு மேலெழுகிறது; கையின் சுமை கழுத்து முள்ளெலும்புகளின் மீது விழாமல் காறை எலும்பு வழியாக மார்பெலும்புக்குச் செல்கிறது. ஒரு கை மட்டுமே உடல் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு என்பதை எண்ணினால், கையில் ஒன்றும் தூக்காதபோதும் இவ்வேற்பாடு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும். தசையின் மிகப் பருமனான பகுதி மேற்பகுதியன்று. ஏழாவது கழுத்து முள்ளெலும்பிலிருந்தும் முதல் மார்பு முள்ளெலும்பிலிருந்தும் தோள்முனைக்கும் மேட்டுக்கும் செல்லும் குறுக்கு நார்களே. கீழ்ப்பகுதியோ சுழற்சியின் அச்சுக்கு அருகில் பற்றுவதால், எலும்பைத் திருப்புவதைவிட, ரம்பப்பல் தசையின் இழுப்பில் அது முன்னோக்கி வழுக்கிவிடாமல் பிடித்து நிறுத்துவதே அதன் முதற்பணி. இவ்வாய்வுக்குப் பின்னும் தோளைக் குலுக்கித் தூக்கும் தசை என்ற ஒற்றை வரி பல பாடநூல்களில் நீடிப்பது வருந்தத்தக்கது. சில மணி நேரம் கணினியின் முன் அமர்ந்தவர் பிடரியில் உணரும் இறுக்கத்தைப் புரிந்துகொள்ளவும் அவ்வரி உதவாது. அங்கே நிகழ்வது பெருஞ்சுமையைத் தூக்கும் வேலையன்று. மிகக் குறைந்த விசையில், ஒரே சில நார்த்தொகுதிகள் ஓய்வின்றி நெடுநேரம் இயங்குவதே வலிக்கு வழிவகுக்கிறது என்று ஸ்வீடனைச் சேர்ந்த ஹெக் 1991-இல் முன்வைத்த கருதுகோள், தொழில்சார் உடல்நல ஆய்வுகளில் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

இத்தசையின் முழுமதிப்பை உணர்த்தியது அதன் இழப்பே. துணை நரம்பு கழுத்தின் பக்கவாட்டில் தோலுக்குச் சற்று அடியிலேயே, நிணநீர்க் கணுக்களை ஒட்டிச் செல்வதால், ஒரு கணுவைச் சோதனைக்காக எடுக்கும் சிறு அறுவையிலும் அது வெட்டுப்படக்கூடும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்காகக் கழுத்தின் கணுக்கள் அனைத்தையும் அகற்றும் முறையை 1906-இல் கிரைல் விவரித்தபோது, நரம்பும் சேர்ந்தே நீக்கப்பட்டது; உயிர் பிழைத்தவர்களின் தோள் சரிந்து, கை பக்கவாட்டில் தோள்மட்டத்துக்கு மேல் எழாமல், தீராத வலியும் தொடர்ந்தது. இதனைத் தோள் நோய்க்குறித்தொகுதி என்று 1961-இல் நாகம் முதலானோர் பெயரிட்டு விளக்கினர். நோய் பரவாதவிடத்து நரம்பைக் காக்கும் முறையை அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒஸ்வால்டோ சுவாரஸ் 1963-இல் வெளியிட்டார். வாய்ப்புற்றுநோய் மிகுந்த இந்தியாவில் இவ்வறுவை அன்றாடம் நிகழ்வதால், இத்தசையின் நரம்பை அறிதல் ஏட்டளவில் நிற்கும் அறிவாக இருக்க இயலாது.

தமிழில் இதற்குப் பெயரிடும் முயற்சி நீண்ட மரபொன்றைச் சேர்ந்தது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களை மாணவர் துணையோடு மொழிபெயர்த்தார். 1852-இல் கட்டர் என்பவரின் நூலும், 1872-இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் நூலும் வெளிவந்தன. நூற்றுக்கணக்கான எலும்பு, தசை, நரம்புகளுக்குத் தமிழ் வாசகர் ஏற்கும் பெயர் காண வேண்டிய கட்டாயம் அங்கேதான் முதலில் முழுவீச்சில் எழுந்தது. டிரபீசியத்துக்குப் பள்ளிக் கணிதம் தந்த சரிவகம் என்னும் சொல்லைக் கொண்டு சரிவகத் தசை என்று வழங்குவது எளிது. ஆனால் பள்ளிப் பாடத்தின் சரிவகத்துக்கு ஒரு சோடி இணைப்பக்கங்கள் உண்டு. யூக்ளிடின் பொருளில் பிறந்த பெயர் புரோக்ளஸின் பொருளில் தமிழாகும்போது, மூலத்திலேயே அரைகுறையாக இருந்த பொருத்தம் மேலும் தேய்ந்துவிடுகிறது.

பழந்தமிழில் சுவல் என்றொரு சொல் உண்டு. பிடரியையும் தோளின் மேற்பகுதியையும் அது ஒருங்கே குறிக்கும். குதிரையின் பிடரிமயிருக்கும் மேட்டுநிலத்துக்கும்கூட அகராதிகள் அச்சொல்லைத் தருகின்றன. கழுத்து வேறு, தோள் வேறு, முதுகு வேறு என்று பிரிக்காமல், சுமை தங்கும் அப்பரப்பை ஒன்றாகக் கண்ட சொல் அது. சுவல் தசை என்னும் பெயர் இருபக்கத் தசைகளுள் ஒவ்வொன்றுக்கும் தனியே பொருந்தும். நாற்கரத்தையும் துறவியின் முக்காட்டையும் நாட வேண்டாம். தலையோடு தோளைப் பிணைக்கும் வரலாற்றுக்கும் அது நெருக்கமானது. நடுமுதுகு வரை இறங்கும் கீழ்ப்பகுதி அச்சொல்லின் எல்லைக்குள் அடங்காது என்ற மறுப்பு நியாயமானதே. அதற்குச் சுவல் தசையின் மேற்பகுதி, நடுப்பகுதி, கீழ்ப்பகுதி என்று, நார்களின் திசையைச் சுட்டாமல் இடத்தைச் சுட்டும் துணைப்பெயர்களைச் சேர்த்தால் போதும். ஏறு, இறங்கு என்னும் சொற்களால் மாணவர்க்கு நேரும் மயக்கமும் அங்கேயே நீங்கும்.